பதினாறு டெலியா

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டெலியா அந்தப் பாட்டைக் கணினியில் திறந்தபோது, முதலில் கண்ணில் பட்டது அவளுடைய பெயர்தான். டெலியா 1, டெலியா 2, டெலியா 3 என்று ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினாறு ட்ராக். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு வரியில் ‘ஜொவெலா, மெயின்’ என்றிருந்தது.

போயெட் கதவில் சாய்ந்து காபியை ஊதிக்கொண்டிருந்தார். மணிலாவை ஒட்டிய கேஸான் சிட்டியில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற அந்த ஸ்டுடியோ அவருடையது. இருபது வருஷம் டெலியாவை மைக் முன்னால் நிறுத்திக் கோரஸ் பாட வைத்தவர், இப்போது மிக்ஸிங் வேலை கொடுத்திருப்பவர் அவர்.

“வேணாம்னா சொல்லிடு டெலி. இத நானே பண்ணிக்கிறேன்.”

“நீங்க வேணாம்ணே. உங்களுக்கு ‘ஸ்’ சத்தமே காதுல விழறதில்ல. போன மாசம் நீங்க பண்ணின பாட்டுல பாம்பு புகுந்திருக்குன்னு ஜனங்க பேசிக்கிறாங்க.”

“வாய் மட்டும் குறையல உனக்கு.”

வாய் குறையவில்லை, குரல்தான் போய்விட்டது. சைக்கிள் பம்பில் காற்று கசிகிற மாதிரி, பாதி காற்றும் பாதி கரகரப்புமாகத்தான் இப்போது பேச்சு வரும். போனில் பேசினால் அந்தப் பக்கம் “சொல்லுங்க சார்” என்பார்கள். பதினான்கு மாதத்துக்கு முன்னால் தொண்டையில் ஒரு கட்டியை எடுத்தார்கள். கட்டி நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தது. உயிரா குரலா என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். யாரையும் குறை சொல்ல வழியில்லை. குறை சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தாலாவது அவளுக்குக் கொஞ்சம் கோபம் வந்திருக்கும்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் பாடியவைதான் இந்தப் பதினாறும். அப்புறம் மெயின் குரல் பாடிய ஜொவெலா கம்பெனி மாறினாள், பாட்டு கிடப்பில் போனது. இப்போது தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். டெலியாவின் தொண்டையிலிருந்து ஒழுங்காக வந்த கடைசிச் சத்தம் இதுதான், இனி வரப்போவதும் இல்லை. போயெட் ஏன் கதவைவிட்டு நகராமல் நின்றார் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் பாடியதைக் கேட்காத ஆள் மணிலாவில் இல்லை. அவளைக் கேட்டேன் என்று சொல்லக்கூடிய ஆளும் இல்லை. இரண்டாம் குரல் பாடுகிறவர்களின் பிழைப்பே அப்படி. மெயின் குரலுக்கு அடியில் மெத்தை மாதிரி கிடக்க வேண்டும். மெத்தை நன்றாக இருக்கிறது என்று எவனாவது சொல்லிவிட்டால் அன்றைக்கு வேலை கெட்டது என்று அர்த்தம். டெலியா இருபது வருஷம் வேலையைக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டாள்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முதலில் மூச்சுகளை வெட்டினாள். மெயின் குரலில் மூச்சு இருக்கலாம், அது உணர்ச்சி என்று பெயர் வாங்கும். கோரஸில் பதினாறு பேர் சேர்ந்து மூச்சிழுத்தால் மேடேறுகிற பஸ் மாதிரி இருக்கும். அதனால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இருக்கிற மூச்சைத் தேடித் தேடி வெட்டுவார்கள். ஒரு வரிக்குப் பதினாறு மூச்சு, ஒன்பது வரி. டெலியா தன்னுடைய நூற்று நாற்பத்து நான்கு மூச்சுகளையும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வெட்டித் தள்ளினாள்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரட்டும், ஒருவழியாக வந்து தொலையட்டும் என்றுகூட நினைத்தாள். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. எந்தக் கழுதை பாடியதோ என்பது போல அவள் தன் குரலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். மூன்றாவது ட்ராக்கில் சுருதி ஒரு மயிரிழை கீழே இருந்தது. அதைத் தூக்கி வைத்தாள்.

பல்லவியில் கோரஸுக்கு இரண்டே வார்த்தை. ‘ஊவி நா.’ வா, வீடு திரும்பு என்று அர்த்தம். ஆபீசுக்குத் திரும்புவதற்கும் ஆஸ்பத்திரிக்குத் திரும்புவதற்கும் அந்த ‘ஊவி’ செல்லாது. அது வீட்டுக்கு மட்டும்தான்.

ஒரு குரலைத் தூரத்தில் நிறுத்தச் சத்தத்தைக் குறைத்தால் போதாது. அடிக்கனத்தைச் சீவ வேண்டும், மேல் பளபளப்பையும் சீவ வேண்டும், பிறகு எக்கோவைக் கூட்ட வேண்டும். எட்டு டெலியாவை இடப்பக்கமும் எட்டு டெலியாவை வலப்பக்கமும் பிரித்து, எல்லோரையும் ஒரு காலி மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினாள். அங்கிருந்து அவர்கள் ‘ஊவி நா’ என்றார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஜொவெலாவின் மெல்லிய குரலுக்கு அடியில் அது போய் உட்கார்ந்ததும், அந்தப் பெண் பத்து வயது மூத்தவளாக, வாழ்ந்து பார்த்தவளாக ஒலித்தாள்.

சாயங்காலம் அந்த முதல் மிக்ஸை ஜொவெலாவுக்கு அனுப்பிவிட்டு டெலியா ஜீப்னி வண்டி பிடித்து மரிகினாவில் இருக்கிற வீட்டுக்குப் போனாள். “இன்னிக்கு என்ன வேலை?” என்று கேட்டான் புருஷன் நெஸ்டர். அவன் செருப்புக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன்.

“கோரஸ் மிக்ஸிங்.”

“யாரு கோரஸ்?”

“யாரோ” என்றாள்.

அடுத்த புதன்கிழமை மானேஜர் சரிட்டோ மேடம் வந்தாள். கையில் மூன்று போன், காலில் பளபளக்கிற சிவப்புச் செருப்பு. ஜொவெலாவைத் தொலைக்காட்சிப் போட்டியிலிருந்து பொறுக்கி எடுத்து நட்சத்திரமாக்கியது தான்தான் என்று தூக்கத்தில்கூடச் சொல்வாள். உட்காரவே இல்லை.

“கம்பெனில முடிவாயிடுச்சு போயெட். ‘எல்லாக் குரலும் ஜொவெலா’ன்னு விளம்பரம் வருது. மத்தவங்க குரல் ஒண்ணும் இருக்கக் கூடாது.”

“கோரஸுக்கு என்ன பண்றது? ஆட்டுக்குட்டியக் கூட்டிட்டு வரட்டுமா?”

“அவ மெயின் குரலையே பதினாறு காப்பி எடுத்து மெஷின்ல சுருதி மாத்திப் போடுங்க. எல்லாரும் அதத்தானே பண்றாங்க?”

“மேடம், இது டெலியாவோட கடைசி...” என்று போயெட் குரலை உயர்த்தினார்.

“பண்ணிடலாம் மேடம்” என்றாள் டெலியா. “பழசை வெச்சுக்கணுமா, அழிச்சுடணுமா?”

சரிட்டோ அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினாள். அந்தக் குரலைக் கேட்டுக் கொஞ்சம் திடுக்கிட்டாள் போலிருக்கிறது. “அழிச்சுடும்மா. வெளிய கசிஞ்சா அசிங்கம். பாட்டு முடிஞ்சதும் அழிச்சிடு.”

அவள் இறங்கிப்போன பிறகு போயெட் நாற்காலியை உதைத்தார். “உனக்குச் சூடு சொரணை இல்லையாடி? நான்ல கத்திக்கிட்டு நிக்கிறேன்!”

“நீங்க கத்தினது நல்லாத்தாண்ணே இருந்துது. எனக்குத்தான் ஒண்ணும் தோணல.”

பொய் சொல்லவில்லை. பதினாறு ட்ராக்கையும் வரிசையாக அணைத்தாள். திரையில் அவை சாம்பல் நிறமாயின. ஜொவெலாவின் குரலைப் பதினாறாக்கி, சுருதி மாற்றி, அதே காலி மண்டபத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். தேன் டப்பாவில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிய மாதிரி இருந்தது. கெட்டுப்போகவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜொவெலாவே வந்துவிட்டாள், சரிட்டோவும் கூடவே. இருபத்திரண்டு வயது. கையில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய பொட்டலம் பான்சித் நூடுல்ஸ். நல்ல பெண்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். பெரியவர்களின் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்ளாமல் எந்த அறைக்குள்ளும் நுழைய மாட்டாள். போயெட்டின் கையை ஒற்றிக்கொண்டு, எலுமிச்சை பிழிந்து எல்லோருக்கும் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பாட்டைக் கேட்டாள்.

பல்லவி வந்ததும் அவள் வாயிலிருந்த நூடுல்ஸ் நின்றது.

“அக்கா, அது எங்க?”

“எது?”

“அந்த எஃபெக்ட். போன வாரம் அனுப்புனதுல என் குரலுக்கு ஒரு எஃபெக்ட் போட்டிருந்தீங்களே. ‘ஊவி நா’ன்னு பின்னாடி பெருசா, அகலமா வந்துச்சே. ஒரு வாரமா அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். எங்கம்மா கேட்டுட்டு அழுதுட்டாங்க. உனக்கு இப்படிப் பாட வரும்னே தெரியாதுடின்னாங்க.”

போயெட் தட்டைக் கீழே வைத்தார். சரிட்டோ ஜன்னல் வழியே கீழே டயர்க் கடை வாசலைப் பார்க்கத் தொடங்கினாள்.

டெலியா புதிய கோரஸை அணைத்து, சாம்பல் நிறத்தில் கிடந்த பதினாறையும் உயிர்ப்பித்தாள். பாட்டு மறுபடி ஓடியது. ஜொவெலா கண்ணை மூடிக்கொண்டாள்.

“இதான்! இது நான்தான்! அன்னிக்கு எனக்கு வீட்டு நெனப்பு அக்கா. அழுகைய அடக்கிக்கிட்டுப் பாடினேன். அது எப்படித் தெரியுது பாருங்க!” அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. “இந்த எஃபெக்ட்டுக்கு என்ன பேருக்கா?”

போயெட் டெலியாவைப் பார்த்தார். சொல்லேன், ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லித் தொலையேன் என்று அவர் முகம் முழுக்க எழுதியிருந்தது.

“பேரெல்லாம் இல்லம்மா” என்றாள் டெலியா. “பழைய எஃபெக்ட். இப்ப கிடைக்கிறதில்ல.”

“அப்ப இத எடுக்கக் கூடாது. மேடம், சொல்லுங்க!”

சரிட்டோ ஜன்னலிலிருந்து திரும்பினாள். கெட்டிக்காரி. எந்த வழியாகப் போனாலும் விளம்பரம் மாறக் கூடாது என்பது அவளுக்கு அரை நொடியில் விளங்கிவிட்டது. “இருக்கட்டும், எடுக்க வேணாம். ட்ராக் பேர மட்டும் மாத்திடும்மா. நாளைக்குக் கம்பெனில லிஸ்ட் கேப்பாங்க.”

ஜொவெலா போன பிறகு டெலியா பெயர்களை மாற்றினாள். டெலியா 1 என்பதை அழித்து ‘ஜொவெலா எஃபெக்ட் 1’ என்று அடித்தாள். பிறகு இரண்டு. பிறகு மூன்று. போயெட் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி. அந்தப் புள்ள கேட்டிருக்கும்.”

“எந்தக் குரல்லண்ணே சொல்றது?” என்றாள், ஏழாவதை அடித்துக்கொண்டே. “இந்தக் குரல வெச்சுக்கிட்டு அது நான்தான்னா சிரிக்க மாட்டாளா?”

பதினாறு முடிந்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியில் முட்டை வாங்கினாள். வீட்டில் நெஸ்டர் மீன் பொரித்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பரில் பாட்டு வெளிவந்தது. அந்த ஊர்க் கடைகளில் கிறிஸ்துமஸ் பாட்டுகள் அப்போதே தொடங்கிவிடும். அவற்றையும் தள்ளிக்கொண்டு இது முன்னால் போனது. ஜீப்னியில் ஓடியது, மருந்துக் கடையில் ஓடியது, அவள் தொண்டையைக் காட்டப்போன ஆஸ்பத்திரியின் லிஃப்டில்கூட ஓடியது. எதிர்வீட்டுப் பெண்கள் துணி துவைக்கும்போது ‘ஊவி நா’ என்று இழுத்தார்கள். டெலியா கேட்டுக்கொண்டு நடந்தாள். தன் தெருவில் யாரோ புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள் என்பதுபோல அது அவளுக்கு ஒரு செய்தி, அவ்வளவே.

அக்டோபர் முதல் வாரம் மைனஸ் ஒன் கேட்டு ஆள் வந்தது. அங்கே தெருவுக்குத் தெரு காசு போட்டுப் பாடுகிற வீடியோகே பெட்டி உண்டு. அதற்கு மெயின் குரலை எடுத்துவிட்ட பாட்டு வேண்டும், அதுதான் மைனஸ் ஒன். கோரஸை மட்டும் எப்போதும் விட்டுவைப்பார்கள். சுருதியே தெரியாத சித்தப்பாக்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டாமா?

சரிட்டோ போனில் வந்தாள். “நல்லாக் கேட்டுக்கம்மா. ஜொவெலா குரல் துளி இருக்கக் கூடாது. கோரஸ், எஃபெக்ட் ஒண்ணும் வேணாம். நம்ம பொண்ணு குரல வீடியோகேக்காரன் ஓசில ஓட்டுறதா? ஜொவெலான்னு பேர் இருக்கிற எல்லா ட்ராக்கையும் எடுத்துடு. எடுத்துட்டு மீதி லிஸ்ட்ட எனக்கு அனுப்பு, நானே பாக்கறேன்.”

“ஜொவெலான்னு பேர் இருக்கிறது எல்லாம்” என்றாள் டெலியா.

“ஆமா, எல்லாம்.”

போனை வைத்தாள். திரையில் ‘ஜொவெலா எஃபெக்ட்’ பதினாறும் வரிசையாக நின்றன. எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் அணைக்கலாம். விரல் அதன்மேல் இருந்தது. இருபது வருஷத்தில் யார் சொன்னதையும் அவள் மீறியதில்லை. தள்ளி நில்லென்றால் தள்ளி நின்றாள், மெதுவாகப் பாடு என்றால் மெதுவாகப் பாடினாள், வாயை மூடு என்று விதி சொன்னபோது அதையும் கேட்டாள். இப்போதும் மீறவில்லை. ‘ஜொவெலா எஃபெக்ட் 1’ என்பதை அழித்து ‘டெலியா 1’ என்று அடித்தாள்.

ஆறாவதில் போயெட் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“எழுத்துப் பிழை இல்லாம அடி” என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனார்.

பதினாறும் முடிந்ததும், ஜொவெலா என்று பெயர் இருந்ததையெல்லாம் சொன்னபடியே அணைத்தாள். அப்படி இருந்தது ‘மெயின்’ என்ற ஒரே ஒரு ட்ராக்தான். பிறகு பாட்டை ஓடவிட்டாள். நடுவில் பெரிய இடம் காலியாகக் கிடந்தது. பதினாறு டெலியாவும் இன்னும் கடைசிச் சுவரோரமே நின்றார்கள். யாருக்காகத் தள்ளி நிற்கிறீர்கள், ஆள்தான் போயாயிற்றே என்று தோன்றியது. எக்கோவைக் குறைத்தாள். சீவிய அடிக்கனத்தைத் திரும்பக் கொடுத்தாள், பளபளப்பையும் கொடுத்தாள். அவர்கள் மண்டபத்தைத் தாண்டி முன்னால் வந்து நின்றார்கள். கடைசிப் பல்லவிக்கு முன்னால், வெட்டிப்போட்டதிலிருந்து ஒரே ஒரு மூச்சை மட்டும் தேடி எடுத்து ஒட்டினாள்.

லிஸ்ட் போனது. பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: ‘சரி. ஜொவெலா இல்லை. அனுப்பிவிடவும்.’

மாதக் கடைசி ஞாயிறு. நான்கு வீடு தள்ளி இருக்கிற பெபாங் அக்காவின் பேரக் குழந்தைக்கு ஞானஸ்நானம். பூசை முடிந்து, பன்றி வறுவலும் லும்பியாவும் பாதி தீர்ந்து, தெருவில் பந்தல் போட்டு வீடியோகே பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. டெலியா பிளாஸ்டிக் நாற்காலியில், மைக் வந்து சேராத மூலையாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். குரல் போனதிலிருந்து அவளுக்கு யாரும் மைக் நீட்டுவதில்லை. அது மரியாதை. அந்த மரியாதைதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாக மூலையில் தள்ளியது.

“நெஸ்டர் பாடுவான்!” என்று யாரோ கத்தினார்கள். “காத மூடிக்கங்கடா!”

நெஸ்டர் ஐந்து பேசோ காசைப் போட்டுப் பாட்டு நம்பரை அமுக்கினான். அந்தப் பாட்டுதான். முதல் சரணத்தை அவன் பாடினான் என்று சொல்ல முடியாது, லாரியைப் பின்பக்கமாக எடுப்பதுபோல எப்படியோ இழுத்துக்கொண்டு போனான். ஜனம் விசிலடித்தது.

பல்லவி வந்தது. ‘ஊவி நா.’

நெஸ்டர் நின்றுவிட்டான். மைக் வாயருகிலேயே இருந்தது, திரையில் வரிகள் நிறம் மாறிக்கொண்டே போயின, அவன் பாடவில்லை. பெட்டிக்குள்ளிருந்து பதினாறு பேர் ஒரே ஆளாகக் கூப்பிட்டார்கள். பதினைந்து வருஷம் குளியலறையிலும் அடுப்படியிலும் அதைக் கேட்ட மனுஷன் அவன்.

“பாடுடா! காசு வீணாகுது!”

அவன் நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து மூலைக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

“டெலி, இது நீ.”

“ம்.”

“யாரோன்னு சொன்னியேடி.”

அவன் மைக்கை நீட்டினான். பக்கத்தில் இருந்தவர்கள் பதறிப்போய், “வேணாம்டா, அவளப் போயி...” என்றார்கள். டெலியா வாங்கிக்கொண்டாள். கடைசிப் பல்லவிக்கு முன்னால் அந்த ஒரு மூச்சு கேட்டது. பதினாறு மாதத்துக்கு முந்திய மூச்சு. அவளும் கூடவே இழுத்தாள்.

வந்தது பாட்டே இல்லை. பம்புக் காற்று, கரகரப்பு, அங்கங்கே ஒரு சுரத்தின் எலும்பு. ஜொவெலாவின் வரியை அவள் அந்தச் சத்தத்தால் சொன்னாள். பின்னால் இடமும் வலமும் பதினாறு டெலியா மெத்தையாக விரிந்து அவளைத் தாங்கினார்கள். இருபது வருஷம் எத்தனையோ பேருக்கு அவள் செய்த வேலையை இன்றைக்கு அவளுக்கு யாரோ செய்தார்கள். ‘ஊவி நா’ என்றார்கள். நெஞ்சின் நடுவில் சுருக்கென்று ஏதோ குத்தியது. முதலில் மூச்சடைப்பு என்று நினைத்தாள். பிறகுதான் புரிந்தது. வலித்தது. நன்றாக, முழுசாக, கையை உதறிக்கொண்டு கத்தலாம்போல வலித்தது. ஊசி போட்ட மரப்பு விட்டுப்போயிற்று. கண்ணீர் கழுத்துத் தழும்பு வரைக்கும் ஓடியது, அவள் துடைக்காமல் பாடினாள்.

பாட்டு முடிந்ததும் பெட்டி வழக்கம்போல எக்காளம் ஊதி மார்க் போட்டது. தொண்ணூற்றெட்டு.

பெபாங் அக்காவின் புருஷன் எழுந்தார். “அநியாயம்! நான் தொண்டை கிழியப் பாடினேன், எனக்கு எழுபத்தொண்ணு! பெட்டி ரிப்பேருடா!”

எல்லோரும் சிரித்தார்கள். டெலியாவும் சிரித்தாள், அழுதுகொண்டே. நெஸ்டர் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

“இன்னொரு அஞ்சு பேசோ இருக்கா?”